தொடைக்கறியும் நெஞ்செலும்பும்

தென்காசி பஜாரில் நான் கறி வெட்டிய மூன்று வருஷத்தில், கொழுப்பு வேண்டாம் என்று சொன்னவர் ஒரே ஒருவர்தான். அவர் அந்தக் கடையின் சொந்தக்காரர்.

மற்ற எல்லோரும் கொழுப்பைப் பார்த்துத்தான் கறி எடுத்தார்கள். கொக்கியில் தொங்கும் ஆட்டின் முன்னால் வந்து நின்று, குனிந்து, பிளந்த வயிற்றுக்குள் பார்ப்பார்கள். சிறுநீரகத்தைத்தான் குண்டிக்காய் என்போம்; இரண்டு குண்டிக்காயும் வெள்ளைக் கொழுப்புக்குள் புதைந்து வெளியே தெரியாமல் இருந்தால் அது நல்ல கிடா. குண்டிக்காய் சிவப்பாகத் தெரிந்துவிட்டால் சீக்காடு என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த கடைக்கு நடந்துவிடுவார்கள். நிறுத்துப் போட்ட பிறகும் கை நீண்டுகொண்டே இருக்கும்.

"என்னவே, வெறுஞ் செவப்பா அள்ளிப் போடுதீரு? எங்க வீட்டுல என்ன செக்கா ஓடுது, எண்ணெய ஊத்தி வதக்க?"

"போடுதேன்யா, போடுதேன். கை வரணும்லா."

ஒரு துண்டுக் கொழுப்பு மேலே விழுந்த பிறகுதான் தேக்கிலையை மடிக்க விடுவார்கள்.

இது அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது இருக்கும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தூத்துக்குடி உப்பளத்தில் ஒரு வருஷம், அங்கே கால் வெடித்துப் புண்ணானதும் புனலூரில் ஒரு ஓட்டலில் மாவாட்டும் வேலை, அதையும் விட்டு வந்து குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வேலை. அதற்கு முன் எந்த ஊரிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. யாரும் விரட்டவில்லை. எனக்கே இருப்புக்கொள்ளாது.

புனலூர் ஓட்டலில் கடைசிப் பந்தி முடிந்தபின் கறிச்சட்டியின் ஓரத்தில் உறைந்து கிடக்கும் கொழுப்பைச் சுரண்டிச் சோற்றில் பிசைந்து தின்பேன். அதைத் தின்றால் மறுநாள் மத்தியானம் வரை பசி தெரியாது. கொழுப்பு மனிதனைக் கொல்லும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கொழுப்புக் கிடைக்காமல் செத்தவர்களைத்தான் நான் பார்த்திருந்தேன்.

கடைக்காரரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அவர் மனைவியை மயினி என்பேன். உறவு ஒன்றும் கிடையாது. அண்ணாச்சிக்கு நாற்பத்தெட்டு வயது. இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருஷம் முழுவதும் தென்காசியில் கடை, சாரல் விழும் மாதங்களில் குற்றாலத்தில் தகரக்கூரை போட்டு இன்னொரு கடை. மதுரை, சிவகாசிப் பக்கத்திலிருந்து லாரி பிடித்து வருகிற கூட்டம் அண்டாவும் அரிசியும் கொண்டுவரும். கறியை மட்டும் அங்கே வாங்கி, மரத்தடியில் சமைத்துத் தின்றுவிட்டு மறுபடி அருவிக்குப் போகும். அந்தக் கடையில்தான் நான் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தேன்.

கறிக்கடை வீட்டுக்கு நல்ல கறி போகாது. தொடை, சந்துக்கறி, ஈரல் எல்லாம் காலையிலேயே விற்றுவிடும். கடை அடைக்கும்போது கிடப்பது கழுத்தும் வயிற்றுச் சவ்வும் கொழுப்பும். இருபது வருஷமாக அதைத்தான் அண்ணாச்சி தின்றார். இரும்புச் சட்டியில் கொழுப்பை உருக்கி, உப்பும் வற்றலும் கிள்ளிப் போட்டு, சுடுசோற்றில் ஊற்றிப் பிசைந்து தின்பார். எனக்கும் ஓர் உருண்டை வரும். சின்ன வயதில் அவரும் என்னைப் போலத்தான் கிடந்திருக்கிறார். சொல்லிக் கேட்டதில்லை, சாப்பிடுகிற வேகத்தில் தெரியும்.

ஆடி மாதம் ஒரு காலை, குற்றாலத்துக் கடையில் முதுகெலும்பை வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கட்டையிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"வாயு பிடிச்சிருக்குலே," என்றார். "இங்கன, நெஞ்சுக்கு நடுவுல."

நான் எண்ணெய் தேய்க்கிறவன். வாயுவை எத்தனையோ பேருக்கு நீவி இறக்கியிருக்கிறேன். சட்டையைக் கழற்றி நெஞ்சில் எண்ணெய் விட்டேன். எண்ணெய் நிற்கவில்லை. சாரலில் உடம்பு சில்லிட்டிருந்தது, ஆனால் வேர்வை ஊற்றாக வந்து எண்ணெயை அடித்துக்கொண்டு போயிற்று. யாரோ உப்புப் போட்ட சோடா கொண்டுவந்தார்கள். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. ஒரு மணி நேரம் நீவிக்கொண்டிருந்த பிறகுதான் குதிரை வண்டி பிடித்துத் தென்காசிக்குக் கொண்டுபோனோம். வண்டிக்குள் அவர் தலையை என் மடியில் வைத்திருந்தேன். மேலகரம் தாண்டும் வரை கண்ணைத் திறக்கவில்லை.

பிழைத்துக்கொண்டார். பாளையங்கோட்டைக்கு அனுப்பி நெஞ்சில் மின்கம்பிகளை ஒட்டி இதயத் துடிப்பைப் படம் எடுத்தார்கள். திரும்பி வந்த அன்று தென்காசி டாக்டர் எங்களை உட்கார வைத்தார். அண்ணாச்சி கட்டிலில், மயினி அவர் காலடியில், நான் வாசற்படியில்.

"இதயத்துக்குப் போற ரத்தக்குழாய்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. இன்னொரு தடவை இப்படி வந்தா தூக்கிட்டு வர நேரம் இருக்காது. கறியே திங்கக் கூடாதுன்னா நீங்க கேக்கப் போறதில்ல, கறிக்கடைக்காரர். அதனால எதைத் திங்கலாம்னு சொல்றேன். வாரத்துக்கு ரெண்டு நாள், உள்ளங்கை அளவு. தொடைக்கறி, கொழுப்பையெல்லாம் அறுத்து எறிஞ்சிட்டு. இல்லேன்னா கோழி, தோலை உரிச்சிட்டு. குளத்து மீன் குழம்பு வச்சுச் சாப்பிடலாம், பொரிக்கக் கூடாது. மூளை, ஈரல், குடல் எதுவும் வேண்டாம்."

"தோல உரிச்ச கோழியா?" என்றார் மயினி. "தோல உரிச்சா அதுல என்னய்யா இருக்கு?"

"சதை இருக்கும்மா. அது போதும். கறியை வேகவச்சு ஆறவிடு. மேல வெள்ளையா படிஞ்சா வழிச்சு எறிஞ்சிட்டு அப்புறம் தாளி." பிறகு என்னைப் பார்த்தார். "நீதான் வெட்டுறவனா? அப்ப உன் பொறுப்பு."

அதுவரை எனக்கு யாரும் எதையும் பொறுப்பென்று கொடுத்ததில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

தொடைக்கறியில் கொழுப்பு மேலே மட்டும் இருப்பதில்லை. சதை ஒரே கட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே நாலைந்து சதைகள் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும். அவற்றுக்கு நடுவே மெல்லிய ஏடு. அந்த ஏட்டோடுதான் கொழுப்பு ஓடும். கத்தி முனையால் அந்த வழியைக் கண்டுபிடித்து, சதைகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சவ்வை உரித்து எடுக்கவேண்டும். தொடைக்கு உள்ளே பாக்கு அளவில் ஒரு நெறிக்கட்டி இருக்கும், கொழுப்புக்குள் பொதிந்து. அதையும் தோண்டி எறிவேன். நல்ல இளங்கிடாவாக, குண்டிக்காய் சிவப்பாகத் தெரிகிற ஆடாக, அவருக்கென்று தேர்ந்தெடுப்பேன். மற்றவர்கள் சீக்காடு என்று ஒதுக்கிய ஆடுதான் அவருக்குச் சரியான ஆடு என்று எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. கடைசியில் கையில் நிற்பது கருஞ்சிவப்பாக, ஒரு வெள்ளைப் புள்ளி இல்லாத ஒரு பிடி. அதை மயினியிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அண்ணாச்சி அதை மெல்லுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

"ஏட்டி, இது கறியா, தேங்கா நாரா?"

"கறிதான். பேசாமத் தின்னுங்க."

"ஏலே, நீ ஆட்ட வெட்டினியா, ஆடு கட்டுன கயித்த வெட்டினியா?"

பெண்கள் இரண்டும் சிரிக்கும். அவரும் சிரித்துக்கொண்டே மென்று விழுங்குவார். ஒரு நாளும் தட்டைத் தள்ளியதில்லை. மூத்தவளுக்கு ஒரு வழி பண்ணும்வரை உயிரோடு இருக்கவேண்டும் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். அதற்காக எதையும் தின்னத் தயாராக இருந்தார்.

இனி நெஞ்செலும்புக்கு வருகிறேன்.

கறிக்கடையில் பாதி வியாபாரம் மருந்து வியாபாரம்தான். கால் ஒடிந்தவனுக்கு ஆட்டுக்கால் வாங்குவார்கள். கண் மங்கினால் ஈரல். பிள்ளை படிப்பில் மந்தம் என்றால் மூளை. நெஞ்சில் அடிபட்டவன், இருமுகிறவன், நெஞ்சு வற்றிப்போனவன் எல்லோருக்கும் நெஞ்செலும்பு. அதை நசுக்கி, மிளகும் சீரகமும் சின்ன உள்ளியும் தட்டிப் போட்டு, இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து வடித்து, வெறும் வயிற்றில் குடிக்கவேண்டும். அண்ணாச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலையே மயினி அடுப்பில் அதை ஏற்றிவிட்டார். அதைச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதுமில்லை. நெஞ்சில் நோய் வந்தவருக்கு நெஞ்செலும்பு கொடுக்காமல் இருந்தால்தான் ஊர் கேட்டிருக்கும்.

ஆவணியிலிருந்து ஒவ்வொரு நாள் காலையும் நான்தான் அதை வெட்டிக் கொடுத்தேன். மருந்துக்கு மெலிந்த ஆடு ஆகாது. ஆகவே வாசுதேவநல்லூர்ப் பக்கமிருந்து வருகிற கிடாக்களில் கொழுத்ததாகப் பார்த்து, நெஞ்சுப் பக்கம் விரல் கனத்துக்குக் கொழுப்பு ஏறினதாகப் பார்த்து எடுப்பேன். ஒரே கட்டை, ஒரே கத்தி. இந்தப் பக்கம் தொடைக்கறியில் ஊசிமுனைக் கொழுப்பைத் தேடி எறிந்துகொண்டிருப்பேன். அந்தப் பக்கம் நெஞ்செலும்பைக் கொழுப்போடு நசுக்கி இலையில் கட்டுவேன். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒன்று கறி. மற்றது மருந்து.

டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்டார்: என்ன கறி சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு, எத்தனை நாள்? நாங்கள் உள்ளதைச் சொன்னோம். சூப்பைப் பற்றி ஒருவரும் வாயெடுக்கவில்லை. மறைக்கவில்லை. அந்தக் கேள்விக்கு அது பதில் என்று நினைக்கவில்லை.

ஐப்பசியில் வலி திரும்ப வந்தது. முன்போல விழவில்லை. கடைக்கு நடந்து வரும்போது பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சுவரில் சாய்ந்து, தெரிந்தவர் யாராவது வந்தால் வெற்றிலையை எடுத்து மடிக்கிற மாதிரி பாவனை செய்வார். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்க்க அனுப்பினார். அதன் முடிவு வந்த அன்று டாக்டர் முகம் நன்றாக இல்லை.

"ஏம்மா, என்கிட்ட சொல்றது ஒண்ணு, வீட்ல நடக்கிறது ஒண்ணா? கொழுப்பு குறையவே இல்லை, கூடியிருக்கு."

"என் தாலி மேல சத்தியம்யா. ஒரு சொட்டு ஊத்தல."

"அப்ப அவர் வெளிய திங்கிறார்."

அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் பக்கம் டாக்டர் திரும்பியபோது, நான் வெட்டுகிற கறியில் கொழுப்பே கிடையாது என்று சொன்னேன். அது உண்மை.

அன்று வீட்டுக்கு வந்ததும் மயினி அடுப்படிக்குப் போகவில்லை. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடுவீட்டில் நின்றார்.

"எந்தக் கடையில போயி ஒளிஞ்சு திங்கிய? உள்ளதச் சொல்லுங்க."

"ஏட்டி, புள்ளைய மேல ஆணையா ஒண்ணும் திங்கல."

"அப்ப டாக்டரு பொய் சொல்லுதாரா? ரத்தம் பொய் சொல்லுமா?"

"எனக்கு என்னட்டி தெரியும்?"

"ரெண்டு பொட்டப் புள்ளையள வச்சுக்கிட்டு நாக்க அடக்க முடியல, என்ன?"

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "வைக்கோலத் தின்னுட்டு மாடுகூட நல்லாருக்குலே. எனக்கு அதுக்கும் கொடுப்பினை இல்ல."

மறுநாள் மயினி என்னைக் கூப்பிட்டு அண்ணாச்சி பின்னால் போகச் சொன்னார். அதையும் செய்தேன். இரண்டு நாள் சாயங்காலம் இருபது அடி தள்ளி நடந்தேன். பெரிய கோயிலின் மொட்டைக் கோபுரத்து வாசல் வரை போனார். அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒருவன் தட்டுவண்டியில் மொச்சையும் வடையும் விற்றுக்கொண்டிருந்தான். இவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குழாயடியில் ஒரு கை தண்ணீர் குடித்தார். இருட்டுவதற்குள் எழுந்து மெதுவாக வீட்டுக்கு நடந்தார். "ஒண்ணும் திங்கல மயினி," என்றேன். அவர் நம்பவில்லை. என்னையும் சேர்த்துச் சந்தேகப்பட்டார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு சூப்பை இன்னும் கெட்டியாக வைத்தார். வெளியே தின்று கெடுப்பதையெல்லாம் அது சரிக்கட்டும் என்ற எண்ணம்.

அண்ணாச்சி மெலிந்துகொண்டே போனார். கடையில் அவர் உட்கார்ந்திருப்பதே வியாபாரத்துக்கு ஆகவில்லை. "கறிக்கடைக்காரரே இப்படிக் காஞ்சுபோயிட்டாரு, நீரு எந்த ஆட்டவே வெட்டுதீரு?" என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். அண்ணாச்சியும் சேர்ந்து சிரித்தார். அந்த ஆள் போன பிறகு கல்லாவை விட்டு எழுந்து உள்ளே போய் ஆட்டுத்தோல் அடுக்கியிருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார். அதுமுதல் கூட்ட நேரத்தில் வெளியே வரமாட்டார்.

மார்கழியில் ஒரு காலை நான் தொடைக்கறியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சி இல்லை. பண்பொழியிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் வந்து கையோடு கூட்டிக்கொண்டு போயிருந்தார். சூப்புக் குடிக்காமலே போய்விட்டார். மலைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. அடுப்பும் அணைந்திருந்தது.

"ஆறிப் போச்சு தம்பி. வீணாப் போவும். நீ குடி," என்று மயினி தம்ளரைக் காட்டினார்.

எடுத்தேன். சூப்பைக் காணோம். தம்ளரின் வாய் வெள்ளையாக மூடியிருந்தது. விரலால் அழுத்தினேன். உடையவில்லை. சுண்ணாம்பு பூசிக் காய்ந்த மாதிரி இருந்தது. நகத்தால் நெம்பியபோது வட்டமாகப் பெயர்ந்து வந்தது. விரல் கனம். அதற்குக் கீழே சூப்பு. பழைய புத்திக்கு முதலில் வாயில்தான் எச்சில் ஊறியது. பிறகுதான் புரிந்தது. வெள்ளையாகப் படிந்தால் வழித்து எறி என்று டாக்டர் சொன்னது இதைத்தான். அவர் சொன்னபடி கறியை ஒவ்வொரு முறையும் ஆறவைத்துப் பார்த்தோம். சூப்பை ஆறவிட்டால் பலன் போய்விடும் என்று அண்ணாச்சி சுடச்சுடக் குடித்ததால், நாலு மாதமாக யார் கண்ணிலும் இது படவில்லை.

மயினியிடம் காட்டினேன்.

"என்னது?"

"கொழுப்பு மயினி."

அவர் அந்த வட்டத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இது நெஞ்செலும்புல்லா தம்பி."

"ஆமா மயினி."

"நெஞ்சுக்குத்தான குடுக்கேன்."

"ஆமா. நாந்தான வெட்டித் தாரேன்."

உள்ளே இளையவள் பாடப்புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். மயினியின் கைச் சூட்டில் கொழுப்பு உருகி விரலிடுக்கில் வழிந்தது. "ஆவணியிலேருந்து," என்றார். பிறகு தம்ளரை வாங்கிப் புறவாசலுக்குப் போய்ச் சாக்கடையில் கொட்டினார். பானையையும் கொண்டுபோய்க் கவிழ்த்தார். திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அவருக்குத் தெரிய வேண்டாம். டாக்டருக்கும் வேண்டாம். இதோட விட்டுருவோம்."

சரி என்றேன். மயினி வெட்கப்பட்டார், நான் பயந்தேன். அண்ணாச்சிக்குக் கெடுதல் செய்யவேண்டும் என்று இருவரும் நினைக்கவில்லை. ஆனால் மனிதரை நாக்கை அடக்காதவர் என்று ஏசியதும், பின்னால் ஆள் விட்டுப் பார்த்ததும் மயினி. போய்ப் பார்த்தவன் நான். அதற்கு ஒரு வார்த்தை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சூப்பு நின்றதும் அண்ணாச்சி பயந்துபோனார்.

"ஏட்டி, சூப்பு எங்க?"

"பனிக்காலம். கபம் கட்டும்."

"அதாண்டி என்ன நிறுத்தி வச்சிருக்கு. அது இல்லேன்னா எப்பவோ போயிருப்பேன்."

"பனி போவட்டும்."

இரண்டு வாரம் கழித்து வலி கொஞ்சம் குறைந்தது. கடைக்கு வரும்போது நிற்காமல் வந்தார். ஒரு நாள் குற்றாலம் சாலையில் பாதி தூரம் நடந்துவிட்டு வந்ததாகச் சொன்னார். நான் மயினியைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த ஒரு வாரம் இருவரும் நம்பினோம்.

பொங்கலுக்கு வடகரையிலிருந்து அண்ணாச்சியின் அக்கா வந்தார். அண்ணாச்சியை வளர்த்தவர். அவரிடம் இவர் சின்னப்பிள்ளை மாதிரி முறையிட்டார்: எனக்குச் சூப்பை நிறுத்திவிட்டாள். அக்கா அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஏட்டி, கட்டின புருசனுக்கு ஒரு நெஞ்செலும்பு வச்சுக் குடுக்க ஒனக்குக் கை வரலியா?"

மயினி பால் பானையைக் கிளறிக்கொண்டே இருந்தார். அக்கா நேராகக் கடைக்கு வந்தார்.

"ஏலே, நல்லா கொழுத்ததா ஒரு நெஞ்செலும்பு வெட்டு. நானே வச்சுக் குடுக்கேன்."

"வித்துப் போச்சு ஆச்சி."

"தொங்குதே, அது என்ன?"

"அதுவும் சொல்லி வச்சது."

"தின்ன வீட்டுக்கு வஞ்சகம் பண்ணுத பய," என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது உறைத்தது. அன்றுவரை பண்ணாத வஞ்சகத்தையா இப்போது பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அந்த நெஞ்செலும்பை வந்த முதல் ஆளுக்கு நிறுத்துப் போட்டேன்.

தை மாதக் கடைசியில் ஒரு காலை அண்ணாச்சி கடைக்கு வந்தார். கல்லாவில் உட்காராமல் நின்றுகொண்டே வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். "ஏலே" என்று கூப்பிட்டார். திரும்பிப் பார்ப்பதற்குள் சரிந்துவிட்டார். கை கழுவாமல் ஓடிப்போய்த் தூக்கினேன். அவர் சட்டையெல்லாம் என் கை ரத்தமாயிற்று. பார்த்தவர்கள் கத்தி பட்டுவிட்டதென்று கத்தினார்கள். டாக்டர் வீட்டுக்கு ஆள் ஓடியது. அதற்கு வேலை இருக்கவில்லை.

ஐந்தாம் நாள் நான் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மயினிக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் போனேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும். நோயாளிகள் போகும்வரை காத்திருந்து, நாலு மாதச் சூப்பையும் சொல்லி முடித்தேன். அவர் பேனாவை மூடித் திறந்து மூடினார்.

"அதனாலதானா சார்?"

"சொல்ல முடியாதுப்பா. முதல் தடவையே பாதி இதயம் போயிடுச்சு. சூப்பு இல்லேன்னாலும் போயிருக்கலாம். இல்லாம இருந்தா இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது." பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "என்ன கறி திங்கிறீங்கன்னுதான் கேட்டேன். என்ன குடிக்கிறீங்கன்னு நான் கேட்கல," என்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மறுநாள் உறவுக்காரர்களுக்குக் கறிச்சோறு. துக்கம் கழிகிற சாப்பாடு. புறவாசலில் பனங்கட்டையைப் போட்டு நான் வெட்டிக்கொண்டிருந்தேன். கொழுப்பை ஒதுக்காதே, குழம்பில் மிதக்கவேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். பெண்கள் உள்ளி உரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வந்து நடுவில் நின்றார். இத்தனை நாளாக வாய்க்குள் வைத்திருந்ததைக் கொட்டினார்.

"என் தம்பி தவியாத் தவிச்சான், சூப்பு சூப்புன்னு. குடிச்சவரைக்கும் எந்திரிச்சு நடந்தான். நிறுத்தின நாப்பது நாள்ல போயிட்டான். எல்லாரும் கேளுங்க. எந்தக் கை நிறுத்திச்சோ அந்தக் கை விளங்குமா?"

உரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. எல்லோரும் மயினியைப் பார்த்தார்கள். நான் கத்தியைக் கீழே வைத்தேன். நானே சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது: ஆச்சி, நிறுத்தியது தப்பில்லை, கொடுத்ததுதான் தப்பு. அதைச் சொல்லியிருந்தால் அந்தக் கூட்டத்தில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். மயினி மட்டும்தான் நம்பியிருப்பார்.

மயினி தலையைத் தூக்கினார். "ஆமா," என்றார். "நாந்தான் நிறுத்தினேன்."

அக்கா தலையிலடித்துக்கொண்டு அழுதார். மற்றப் பெண்கள் அவரைத் தாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். ஒருவரும் மயினியிடம் பேசவில்லை. அவர் குனிந்து உள்ளியை உரிக்கத் தொடங்கினார். அந்தப் பழியை அவரால் தாங்க முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. அது பொய்ப் பழி.

சாப்பாடு முடிந்து எல்லோரும் திண்ணையிலும் தெருவிலும் கிடந்தபோது, பாத்திரம் கழுவ வந்த மயினியிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அவர்கிட்டப் போயிச் சொல்லிட்டியா?"

"ஆமா மயினி. சொல்ல முடியாதுன்னுட்டாரு. சூப்பு இல்லேன்னாலும்..."

"கேட்டுட்டேன்." அண்டாவைச் சாய்த்து ஓரத்தில் ஒட்டியிருந்ததைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். நெடுநேரம் ஒரே இடத்தைத் தேய்த்தார். "தம்பி, நீ வேற ஊரு பாத்துக்க. ஒன் மேல கோவம் இல்ல. இங்கன தினமும் ஒன்னப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது."

மறுநாள் காலை கடையைத் திறந்து, வந்திருந்த ஆட்டை வெட்டி விற்று முடித்தேன். கத்திகளைக் கழுவித் துடைத்து, சாவியோடு வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூத்த பெண்தான் வந்து வாங்கினாள். பண்பொழிச் சம்பந்தம் ஒரு வருஷம் தள்ளிப்போயிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததா என்று எனக்குத் தெரியாது.

"எங்க போறிய சித்தப்பா?"

"புனலூருக்கு," என்றேன். அப்போது மனதில் வந்த ஊர் அதுதான்.